ஜன்னல் வழியாகப் போட்ட துண்டு

எங்கய்யா விசில் ஊதினால் பஸ் நின்றுவிடும். என் வெட்கம் அங்கேதான் தொடங்குகிறது.

அய்யா என்று நான் சொல்வது என்னைப் பெற்றவரை. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஃபிட்டராக இருந்தார். ஷிப்ட் முடிந்ததும் மற்றவர்களெல்லாம் டீக்கடைக்குப் போவார்கள். இவர் பஸ் ஸ்டாண்டு வாசலுக்குப் போவார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு விசில் தொங்கும். வெளியே வருகிற பஸ்ஸில் எவனாவது படியில் தொங்கினால் போதும், ஒரு ஊது. கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கணும், ரெண்டு கொடுத்தால் போகணும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. டிரைவர் கண்டக்டர்தான் ஊதினார் என்று நினைத்து பிரேக்கைப் போடுவார். உள்ளே நிற்கிற சனம் ஒன்றன்மேல் ஒன்று சாயும். கூடையிலிருந்து தக்காளி உருளும்.

ஒருநாள் அப்படி நின்ற பஸ்ஸுக்குள் நானும் இருந்தேன். கண்டக்டர் இறங்கி ஓடினார்.

"பெரியவரே, இந்த வண்டிக்கு நான் கண்டக்டரா, நீரு கண்டக்டரா?"

"நீருதான். அதனாலதான் உம்மகிட்டச் சொல்லுதேன். அந்தப் பயலை உள்ள ஏத்தும்."

"உள்ள எடம் இருந்தா ஏத்த மாட்டனா? ஒம்ம தலையிலயா ஏத்த?"

"எடம் இல்லைன்னா எறக்கி விடும். அடுத்த வண்டியில வரட்டும்."

பின் சீட்டிலிருந்து ஒரு ஆள் கத்தினார்: "ஏய்யா, வாதம் பண்ணுனது போதும். கையோட இன்னும் ரெண்டு விசில் குடுத்துரும், வீடு போய்ச் சேருவோம்!"

பஸ் முழுக்கச் சிரிப்பு. நான் முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா என் காதுக்குள் கேட்டாள், "ஒங்கய்யாதானே தாயி?" தெரிந்தே கேட்கிறவளுக்கு என்ன பதில் சொல்ல? "ஆமா" என்றேன். அவள் என் முழங்கையைத் தடவிக்கொடுத்தாள். சிரித்தவர்களைக்கூடத் தாங்கலாம், அந்தத் தடவலைத்தான் தாங்க முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் மனிதர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். எங்கள் தெருவில் கைத்தறித் துணி மடிக்கிற ஒருத்தி இருந்தாள். அவள் சொல்வாள், "ஒங்கய்யாவுக்குத் துக்கம் நெஞ்சுல இல்லட்டி, வாயில மாட்டிக்கிச்சு. ஊதி ஊதிப் பாக்காரு, வெளிய வரமாட்டேங்குது." இதைவிடச் சரியாக நான் இன்றுவரை யார் சொல்லியும் கேட்டதில்லை.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். வாலிபால் ஆடுவான். நல்ல உயரம். அவன் எழும்பினால் நெட்டுக்கு மேலே முழங்கை தெரியும். அதைப் பார்த்துத்தான் மில்லில் அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார்கள். பகலில் நூல், சாயங்காலம் பந்து. எங்கய்யாவுக்கு அப்போதெல்லாம் மில்லுக்குள் நடக்கிற நடையே வேறு மாதிரி இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு ஆடிப்பூரம். அய்யாவும் அண்ணனும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஆடிப்பூரத்துக் கூட்டம் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். பஸ் நிற்பதற்கு முன்பே ஆளாளுக்கு ஜன்னல் வழியாகத் துண்டைப் போடுவார்கள், பையைப் போடுவார்கள், ஒருத்தர் குடையைப் போடுவார், ஒருத்தர் பிள்ளையையே போட்டுவிடுவார். துண்டு விழுந்த சீட்டு துண்டுக்காரனுக்கு. அதில் சண்டையே கிடையாது. அண்ணன் உயரத்துக்கு ஓடுகிற பஸ்ஸிலேயே துண்டைப் போட்டுவிட்டான். அய்யாவுக்கு முழங்கால் வலி. அவரை முன்வாசல் வழியாகத் தள்ளி ஏற்றி, "நீங்க உக்காருங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவன் படியில் நின்றுகொண்டான்.

பாதி வழியில், கண்மாய்க்கரை வளைவில், விழுந்துவிட்டான்.

அய்யா அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. பஸ் நின்றது. யாரோ ஒரு பையன் விழுந்துவிட்டான் என்று உள்ளே பேச்சு வந்தது. அய்யா பக்கத்து ஆளிடம், "யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம்" என்று சொன்னாராம். உட்கார்ந்தபடியே. மடியில் அண்ணன் துண்டு. இதை அவர் எங்கள் ஆத்தாவிடம் ஒரே ஒருதரம் சொன்னார். பிறகு சொல்லவில்லை. அதற்கப்புறம் அவர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் இல்லை. காலி பஸ்ஸாக இருந்தாலும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டுதான் வருவார். அதற்கும் நான் வெட்கப்பட்டிருக்கிறேன். வயசான ஆளுக்கு எழுந்து இடம் கொடுக்கிற பிள்ளைகளிடம், "நீ உக்காருலே, நீ உக்காரு" என்று அவர் மல்லுக்கட்டுவார். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்.

மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்துதான் அண்ணன் பெயரில் ஒரு நினைவு அறக்கட்டளையை ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டை ஒட்டி இருந்த தெலுங்கு பேசுகிற பெரியவர் ஒருவர், அய்யாவின் சேக்காளி, அவர்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றார். பள்ளிக்கூடங்களுக்கு நெட்டும் பந்தும் வாங்கிக் கொடுப்பது, வருஷத்துக்கு ஒருதரம் வாலிபால் போட்டி நடத்துவது, பிள்ளைகளிடம் பஸ் படியில் தொங்காதீர்கள் என்று சொல்வது. இதுதான் வேலை.

சொல்கிற வேலையை அய்யா எடுத்துக்கொண்டார். அவருக்கு மேடையில் பேச வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். பள்ளிக்கூட மைதானத்தில் சாக்பீஸால் ஒரு கட்டம் வரைவார். பஸ் படி எவ்வளவு அகலமோ அவ்வளவு. ஒரு பையனைக் கூப்பிட்டு அதில் நிற்கச் சொல்வார். பிறகு இன்னொருவன். இன்னொருவன். பையன்கள் சிரித்துக்கொண்டே ஒருத்தனை ஒருத்தன் கட்டிப்பிடித்து நிற்பார்கள். இவர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கடைசியில் ஒருவன் கால் கோட்டுக்கு வெளியே போகும். அய்யா அவன் கையைப் பிடித்துத் தனியாக நிறுத்தி, "இது எம்புள்ள" என்பார். அவ்வளவுதான் பேச்சு. சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்.

பெரிய மனுஷர்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. என்னை ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி ரெண்டு வருஷத்துக்குள் எங்கள் வாசலிலேயே பிள்ளைகள் கரித்துண்டால் கட்டம் போட்டு ஆடினார்கள். ஒருவன் தாத்தா. வாயாலேயே விசில் ஊதுவான். மற்றவர்கள் கட்டத்துக்குள் இடித்துத் தள்ளிக்கொள்வார்கள். வெளியே விழுந்தவன் செத்தவன். செத்தவன் நாக்கைத் தள்ளிக்கொண்டு மண்ணில் கிடப்பான். அதற்குப் 'படித்தாத்தா ஆட்டம்' என்று பெயர்.

என் மாமியார் முறத்தைத் தட்டிக்கொண்டே சொல்வார், "கூப்பிட்டுச் சொல்லு தாயி. அந்தத் தாத்தா பேத்தி இங்கதான் இருக்கா, அவளையும் சேத்துக்கோங்கன்னு." என் மகளுக்கு அப்போது ஒண்ணரை வயசு. அவளும் தத்தித் தத்திப் போய்க் கட்டத்துக்குள் நிற்பாள்.

மாமியார் கெட்டவர் இல்லை. ஊர்ப்பேச்சு அவரையும் குத்தியது. தண்ணீர்க் குழாயடியில் என்னைப் 'படிக்கட்டு மக' என்றுதான் அடையாளம் சொல்வார்கள். சம்பந்தி வீடு என்றால் நகை, நிலம் என்று பேச்சு வரும். இவருக்கு விசில்தான் வந்தது. "ஒங்கய்யா ராசபாளையத்துல ஊதுதாரு. எங்க வீட்டு நடை வரைக்கும் கேக்குது" என்பார். எங்க வீட்டுக்காரர் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். அதுதான் இன்னும் கஷ்டம்.

அந்த வீட்டில் எங்கய்யாவைக் கேலி செய்யாத ஒரே ஆள் என் கொழுந்தன். அவனும் வாலிபால் ஆடுகிறவன். "மதினி, ஒங்கண்ணன் ஷாட்டு அடிச்சதை நான் சின்னப் பயலா இருக்கும்போது பாத்திருக்கேன். பந்து கீழ விழுந்த பொறவுதான் சத்தமே வரும்" என்பான். பொய்யாகக்கூட இருக்கலாம். எனக்குப் பிடிக்கும் என்று சொல்லியிருக்கலாம். படிப்பு முடித்து வேலை இல்லாமல் இருந்தான். நல்ல உயரம்.

போட்டி ஒவ்வொரு வருஷமும் ஆடிப்பூரத்தை ஒட்டித்தான் நடக்கும். இதில்தான் எல்லாருக்கும் அய்யாவோடு சண்டை. அந்தத் தெலுங்குப் பெரியவரே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "தை மாசம் வைப்போம்யா. ஆடிப்பூரத்துல பஸ்ல ஈ நுழைய எடம் கெடையாது. தொங்காதேன்னு சொல்ற போட்டிக்குப் பயலுக தொங்கிட்டுத்தான் வரணும்." அய்யா மசியவில்லை. "அந்தக் கூட்டத்துலதானய்யா போனான். கூட்டமில்லாத அன்னைக்கு எவனும் தொங்க மாட்டான். அன்னைக்குப் போட்டி வச்சு என்ன செய்ய?" ஊரே சிரித்த நியாயம் அது.

அதற்குமேல் ஒரு சட்டமும் போட்டார். போட்டிக்கு வருகிற வழியில் ஒருவன் படியில் தொங்கினாலும் அந்த டீம் முழுக்க வெளியே. ஒருத்தன் செய்ததற்கு எல்லாரையும் ஏன் என்று கேட்டார்கள். "கூட வாரவன் கையப் பிடிச்சு உள்ள இழுக்கணும். இல்லைன்னா சேந்து எறங்கணும். ரெண்டும் செய்யலைன்னா அவனுக்கும் பங்கு உண்டு" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் என் கொழுந்தன் டீம் ஃபைனலுக்கு வந்தது. மில் டீமுக்கு ஆள் எடுக்கிற அதிகாரி ஃபைனலைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். கொழுந்தனைப் பற்றி அவரிடம் ஏற்கெனவே யாரோ சொல்லியிருந்தார்கள். ஆட்டத்தை ஒருதரம் பார்த்துவிட்டால் போதும், வேலை நிச்சயம் என்று பேச்சு. அண்ணனுக்குக் கிடைத்த மாதிரியே. வீட்டில் மாமியார் குலசாமிக்குக் காசு முடிந்து வைத்தார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு. எங்கய்யா நடத்துகிற போட்டியால் இந்த வீட்டுப் பிள்ளைக்கு வேலை கிடைத்துவிட்டால், குழாயடியில் நான் தலை நிமிர்ந்து குடம் வைக்கலாம். அந்த வருஷம் முதல்தடவையாக அய்யாவின் போட்டியை நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

எங்க வீட்டுக்காரர் வரவில்லை. "நான் வந்தா ஒங்கய்யா என்னையும் கட்டத்துக்குள்ள நிப்பாட்டிருவாரு" என்றார். மகளைத் தூக்கிக்கொண்டு கொழுந்தனோடும் அவன் கூட்டாளிகளோடும் நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஆடிப்பூரம் முடிந்து ஊர் திரும்புகிற கூட்டம். பூ, வியர்வை, பால்கோவா டப்பா, மொட்டை போட்ட தலைகள். ஒரு பஸ் வந்தது, போனது. இன்னொன்றும் போனது.

"தம்பி, படியில மட்டும் ஏறிராதீக. அய்யா வாசல்ல நிப்பாக" என்றேன்.

"ஒங்கய்யாவுக்குப் பயந்துதானே மதினி வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுக்கிட்டு இருக்கோம்? இதுக்கு மேல விட்டா ஆட்டத்தையும் விட்ர வேண்டியதுதான்."

அடுத்த பஸ் திரும்பும்போதே ஓடினான். எம்பித் துண்டை ஜன்னல் வழியாகப் போட்டான். பச்சைக் கரை போட்ட துண்டு. கூட்டத்தை முதுகால் தள்ளி வழி பண்ணி, பிள்ளையோடு என்னை முன்வாசலில் ஏற்றிவிட்டான். "ஜன்னலோரம் மதினி, துண்டு கெடக்கு பாருங்க!" போய் உட்கார்ந்தேன். மற்ற பையன்கள் பின்வாசல் வழியாக எப்படியோ உள்ளே நுழைந்துவிட்டார்கள். என் பின்னாலேயே ஒரு கூட்டம் ஏறியது. அவனுக்கு இடம் இல்லை. படியில் நின்றான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் எங்கேயோ.

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். சட்டை காற்றில் உப்பி வெளியே அடித்துக்கொண்டிருந்தது. 'ராஜபாளையம் போறதுக்குள்ள நாலு பேர் எறங்குவாக, உள்ள வந்துருவான்' என்று நினைத்துக்கொண்டேன். அவன் துண்டை மடித்து மகள் தலைக்கடியில் வைத்தேன். ஜன்னல் காற்று சுகமாக இருந்தது. பிள்ளை தூங்கிவிட்டாள். எனக்கும் கண் செருகியது.

அந்தக் கண்மாய்க்கரை வளைவு வந்தால் நான் எப்போதும் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். அன்றைக்கு அது எப்போது போனது என்றே எனக்குத் தெரியாது.

விசில் சத்தத்தில்தான் விழித்தேன்.

பஸ் குலுங்கி நின்றது. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வாசல். அய்யா ஓடி வருகிறார். முழங்கால் வலியோடு ஒரு மாதிரி சாய்ந்து சாய்ந்து ஓடி வருவார். முன்படிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். கொழுந்தன் முகம் தெரிந்தது. ஊதுவதற்கு வாயில் வைத்த விசில் அப்படியே நின்றது.

"நீங்களா தம்பி?"

அவன் அசடு வழியச் சிரித்தான். "நாந்தான் மாமா."

அய்யா கண் அப்படியே திரும்பி ஜன்னலுக்கு வந்தது. அங்கே நான். மடியில் பிள்ளை. பிள்ளை தலைக்கடியில் பச்சைக்கரைத் துண்டு. துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஏதோ தெரிந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். நான் உட்கார்ந்திருந்த அந்த இடத்தில் அண்ணன் விழுந்த அன்றைக்கு அவர் உட்கார்ந்திருந்தார், அதுதான் விஷயம். எழுந்திருக்கப் பார்த்தேன். பிள்ளையோடு அந்த நெரிசலில் எழுந்திருக்கக்கூட முடியவில்லை.

"எறங்குங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மைதானத்துக்கு நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மைக்கில் சொல்லிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் டீம் விதியை மீறியதால் விலக்கப்படுகிறது. அரை இறுதியில் தோற்ற டீம் அதற்குப் பதிலாக ஆடும். கொழுந்தனின் கூட்டாளிகள் கொதித்தார்கள். ஒருவன் பனியனைக் கழற்றிக் கீழே போட்டான். "படித்தாத்தாவுக்குச் சம்பந்தி வீட்டுப் பயலுன்னாலும் இரக்கமில்லையாலே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். நாற்காலியில் அந்த மில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். "அந்த உயரமான பையன் ஆடலையா?" என்று அவர் கேட்டதும், "இல்லை சார்" என்று இவர்கள் சொன்னதும் என் காதில் விழுந்தது.

நான் கொழுந்தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வான், மதினிக்கு இடம் கொடுத்துவிட்டுத்தான் நின்றேன் என்று இப்போது சொல்வான் என்று. அவன் சொல்லவே இல்லை. "தப்புதான் மாமா" என்றான். என் மகளை வாங்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டான்.

அந்தக் காலத்தில் மைதானத்துக்குள் பெண்கள் போக மாட்டோம். ஓரத்தில் நின்று பார்ப்பதோடு சரி. நான் போனேன். கமிட்டி மேசை வரைக்கும் போனேன். ஊரே பார்க்கிறது என்பது முதுகில் தெரிந்தது.

"அய்யா, அவரு எனக்கு எடம் போட்டுக் குடுத்துட்டுத்தான் படியில நின்னாரு. தப்பு என்னுது. அவரை ஆட விடுங்க."

தெலுங்குப் பெரியவர் எழுந்தே விட்டார். "போனீய்யா, போனீ. விட்டுத்தள்ளும். அந்தப் புள்ளயே வந்து சொல்லுதில்லா? பயலுக்கு வாழ்க்கைய்யா இது."

அய்யா விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தெரியும்மா. துண்டைப் பாத்தேன்."

"தெரிஞ்சுமா?"

"எடம் குடுத்துட்டு நிக்கறவன்தாம்மா விழுதான். எடம் குடுக்காதவன் உள்ள சொகமா உக்காந்திருக்கான்." சுற்றின கயிற்றை விரலிலிருந்து உருவினார். "இவரை ஆட விட்டா, எடம் குடுத்தவன் தொங்கலாம்னு ஆயிரும். இன்னைக்கு ஒங்கண்ணனே வந்திருந்தாலும் வெளியதாம்மா."

மேசையைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் திரும்பி நடந்தேன். அய்யா சொன்னதில் 'உள்ள உக்காந்திருக்கவன்' யார் என்று அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும் ரெண்டு தடவை தெரிந்தது. ஒன்று அவர், இன்னொன்று நான். அய்யாவை நினைத்து இத்தனை வருஷம் வெட்கப்பட்டிருக்கிறேன். அதெல்லாம் மற்றவர்கள் பார்க்கிறார்களே என்கிற வெட்கம். இது வேறு. இதற்கு யாரும் பார்க்க வேண்டியதில்லை.

ஆட்டம் நடந்தது. கொழுந்தன் என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கடைசிவரைக்கும் பார்த்தான். நல்ல ஷாட்டுக்குக் கை தட்டினான். மகள் கையையும் பிடித்துத் தட்ட வைத்தான். மில் அதிகாரி எதிர் டீமில் ஒரு பையனைக் கூப்பிட்டுப் பேசினார். அந்த வேலை என் கொழுந்தனுக்குக் கடைசிவரைக்கும் கிடைக்கவில்லை. பேண்டேஜ் துணி நெய்கிற பவர்லூமில் சேர்ந்து, அதிலேயே இருந்துவிட்டான். அண்ணன் மாதிரி பந்தால் வேலை வாங்கியிருக்க வேண்டியவன். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அவன் ஒனக்குச் சீட்டு குடுத்தான், ஒங்கய்யா அவன் சீட்டக் கிழிச்சுட்டாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். பிறகு வாசலில் பிள்ளைகள் கட்டம் போட்டால் அவரே போய்த் தண்ணீர் ஊற்றி அழித்துவிடுவார். யாருக்காகச் செய்தார் என்று நான் கேட்டதில்லை.

ஆனால் மாமியாரிடம் சொன்னது ராத்திரிதான். அதற்கு முன்பு, ஆட்டம் முடிந்து நாங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததைச் சொல்ல வேண்டும்.

அய்யாவும் கூட வந்தார். அவரும் கொழுந்தனும் பக்கம் பக்கமாக நடந்தார்கள். ஒரு இடத்தில் ரோட்டைத் தாண்டும்போது அய்யா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், சின்னப் பையனைப் பிடிக்கிற மாதிரி. தாண்டின பிறகும் விடவில்லை. அவனும் உருவிக்கொள்ளவில்லை. மற்ற பையன்கள் கோபத்தில் தனியாக முன்னால் போய்விட்டிருந்தார்கள்.

சாயங்காலக் கூட்டம் எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிற பக்கம்தான். போகிற பக்கம் பஸ் காற்றாடியது. எங்கள் வண்டி வந்து நின்றபோது உள்ளே டிரைவரையும் கண்டக்டரையும் விட்டால் ரெண்டு மூன்று பேர். எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. மகளைக் கொழுந்தனிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பச்சைக்கரைத் துண்டோடு பஸ்ஸுக்குப் பக்கத்தில் போனேன். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, எம்பி, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டேன். முதல் எம்பலில் விழவில்லை. கம்பியில் பட்டு என் முகத்திலேயே திரும்பி விழுந்தது. ரெண்டாவது தடவை சீட்டில் விழுந்தது.

வெற்றிலைக் கடைக்காரர் சிரித்தார். டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கண்டக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். "ஏம்மா, வண்டியே ஒங்களுக்குத்தான். பிறகு எதுக்கு எடம் போடுதீக?"

"எங்க கொழுந்தனுக்கு" என்றேன்.

முகமெல்லாம் காந்தியது. திரும்பி அய்யாவைப் பார்க்க முடியவில்லை. ஏறிப் போய்த் துண்டை எடுத்துக்கொண்டு, சீட்டைத் தட்டிக் காட்டி, "உக்காருங்க தம்பி" என்றேன். நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.

அவன் என்னையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தான். "மதினி, காலி பஸ்ஸுக்கு எடம் போட்ட மொத ஆளு ஒலகத்துலேயே நீங்கதான்" என்றான். சிரித்தான். ஆனால் உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கமாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான்.

கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்தார். வண்டி வாசலைத் தாண்டும்போது அய்யா அங்கே, அவர் எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றார். படியைப் பார்த்தார், யாரும் இல்லை. ஜன்னலைப் பார்த்தார். கொழுந்தன் மகளின் கையைப் பிடித்துத் தாத்தாவுக்கு ஆட்டினான். அய்யாவும் கையைத் தூக்கினார், பாதி தூக்கினார், அப்படியே நின்றார்.

நான் நின்றுகொண்டுதான் போனேன். கண்மாய்க்கரை வளைவு வந்தபோது கண்ணை மூடவில்லை.